மாற்றிய எஞ்சின் ஓடவில்லை, பட்டறை ஒயரிங் மீது பழி போடுகிறது: வண்டியையும் பணத்தையும் மீட்பது எப்படி?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் கார் இருக்கிறது. கல்லில் அடிபட்டு ஆயில் சம்ப் உடைந்ததைக் கவனிக்காமல் ஓட்டியதில் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. ஒரு தனியார் பட்டறையில் பழைய எஞ்சின் வாங்கி மாட்டி, ஒயரிங் வேலையும் சேர்த்து 85,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். 70,000 ரூபாய் ஜிபேயில் கொடுத்துவிட்டேன். எஞ்சின் ஏற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டார்ட் ஆகிறது, சில நொடிகளில் நின்றுவிடுகிறது. எஞ்சின் லைட் அணைவதே இல்லை. ஒருநாள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகையும் வந்தது. "உங்க வண்டி ஒயரிங்கை எலி கடிச்சிருக்கு, புது ஒயரிங் செட் போட 32,000 ஆகும்" என்கிறார் பட்டறைக்காரர். மறுத்தால், பாக்கி 15,000 ரூபாயை வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்கிறார். பில்லில் "1.3 டீசல் எஞ்சின்" என்று மட்டும் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பையன் அது எர்டிகா எஞ்சின் என்றான். போலீஸில் புகார் கொடுக்கலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் எலியையும் 32,000 ரூபாயையும் விட முக்கியமானது அந்தப் பையன் சொன்ன தகவல். அது உண்மையா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வழக்கின் போக்கே அதை வைத்துத்தான் அமையும்.

ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர் கார்களில் வந்த 1248 சிசி டீசல் எஞ்சினுக்கு 75 குதிரைத்திறன். எர்டிகா, சியாஸ் கார்களில் வந்ததும் அதே 1248 சிசிதான், ஆனால் 90 குதிரைத்திறன். வித்தியாசம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவில் இருக்கிறது. எர்டிகாவின் டர்போ வேறு வகை. அதைக் கட்டுப்படுத்தும் விதமும் ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விவரமான மெக்கானிக் டர்போவைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். எர்டிகா எஞ்சினை ஸ்விஃப்ட்டின் ஒயரிங்கில் மாட்டினால், எலியே கடிக்காவிட்டாலும் சிக்கல் வரத்தான் செய்யும். அந்த எஞ்சினோடு வந்த ஈசிஎம்மையும் சேர்த்து மாட்டியிருந்தால் உங்கள் கார் சாவியின் அடையாளம் அதற்குத் தெரியாது. இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு எஞ்சினை ஓட விடாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் எண்களை ஸ்கேனர் வைத்து ஈசிஎம்மில் பதிவு செய்யாமல் விட்டாலும் எஞ்சின் சீராக ஓடாது.

புகை வந்தது வேறு விஷயமாக இருக்கலாம். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் கேபிளைத் திரும்ப மாட்ட மறந்தாலோ, பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கிவிட்டாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய கரண்ட் மெல்லிய ஒயர்கள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது அந்த ஒயர்கள் வெந்துபோகும். இதற்கு எலியைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சின் ஏற்றியவரின் கவனக்குறைவு அது. எலி கடித்த ஒயரில் பல் பதிந்த தடம் இருக்கும், சூட்டில் போன ஒயரில் இன்சுலேஷன் உருகிக் கருகியிருக்கும். பெரும்பாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். அந்த இடத்தைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள ஆர்.டி.ஓ. ஒருவருக்கும் ஜெயச்சந்திரா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆர்.சி.யில் எஞ்சின் எண் மட்டுமல்ல, சிசியும் குதிரைத்திறனும் இருக்கின்றன. அதே ரக எஞ்சினை மாற்றியிருந்தால், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பில், ஆவணங்களோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வழி உண்டு. மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். 90 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் கதை வேறு. அதைப் பதிவேற்றித் தரச் சொல்லி நிற்கவே உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-யின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தண்டனை பட்டறைக்காரருக்கு அல்ல, வண்டியின் உரிமையாளரான உங்களுக்கு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, பழைய நம்பரையே இதில் பஞ்ச் பண்ணித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே மறுத்துவிடுங்கள். அது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். வாங்கிய எஞ்சின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் நீங்களும் விசாரணைக்கு நிற்க வேண்டியிருக்கும்.

உங்களுடைய பழைய எஞ்சின் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல பட்டறைகள் அதைச் சத்தமில்லாமல் இரும்பு விலைக்குத் தள்ளிவிடும். ஆர்.சி.யில் இருக்கும் எண் பொறித்த பிளாக் அது. உங்கள் சொத்து, உங்கள் சாட்சியம், கடைசியில் அதையே ரீபில்டு செய்து ஏற்ற வேண்டி வந்தாலும் வரலாம். அதை விற்கக்கூடாது, அழிக்கக்கூடாது என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆதாரம். வேறு யாரும் ஒயரைப் பிரிப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரோடு போங்கள். புது எஞ்சினின் எண், டர்போ, ஈசிஎம் மேல் உள்ள ஸ்டிக்கர், வெட்டி டேப் சுற்றிய ஒவ்வொரு இணைப்பு, எர்த் கேபிள் மாட்டிய இடம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ஸ்கேனர் போட்டு வரும் பிழைக் குறியீடுகளைத் தேதியோடு அச்சிட்டு வாங்குங்கள். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு, பி0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு; இரண்டும் எஞ்சின் சுழலும் நிலையை ஈசிஎம்முக்குச் சொல்லும் சென்சார்கள். குறியீடுகளை அழித்துவிட்டு "இப்ப சரியாப் போச்சு" என்று காட்டுவது சுலபம், அதனால் அழிப்பதற்கு முன்னால் எடுத்த அச்சுதான் வேண்டும். எலக்ட்ரீஷியன் தன் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் இன்னும் நல்லது. எலிக்கடி என்று பட்டறைக்காரர் சொல்வதையும் எழுத்தில் கேளுங்கள். எஞ்சின் ஏற்றும் முன்பே அது தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பின்னால்தான் கடித்தது என்றால் அப்போது வண்டி அவர் பட்டறையில் நின்றது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151-இன்படி பொறுப்பில் எடுத்த பொருளைத் தன் பொருளைப் போலக் கவனிக்கும் கடமை அவருக்கு உண்டு.

சரி, வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 170, உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர் கூலி கிடைக்கும் வரை பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைத் தீட்டி முடித்த பிறகு கூலிக்காக வைத்துக்கொள்ளும் நகை வியாபாரி. சில நொடிகளில் நின்றுபோகும் எஞ்சினை வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று அவர் சொல்ல முடியாது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத 32,000 ரூபாய்க்காக வண்டியைப் பிடித்துவைக்கவும் முடியாது.

இருந்தாலும் என் யோசனை இதுதான். அவர் 15,000 ரூபாயோடு வண்டியை விடத் தயார் என்றால், "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்" என்று எழுதி வங்கி வழியாகக் கட்டி, வண்டியை டோ செய்து எடுத்துவிடுங்கள். பழைய எஞ்சினும் கூடவே வரட்டும். அந்தப் பணத்தையும் பிறகு வழக்கில் திரும்பக் கேட்கலாம். மாதக்கணக்கில் திறந்த ஷெட்டில் நிற்கும் கார் அதைவிட அதிகமாகச் செலவு வைக்கும். "வேலை திருப்தி" என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். 15 நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் கவலையில்லை. ஐந்து லட்சம் வரை கொடுத்த தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. கொடுத்த 70,000, ஒயரிங்கைச் சரி செய்ய ஆகும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். எர்டிகா எஞ்சின் என்று உறுதியானால் கோரிக்கையின் முதல் வரியே பணத்தைத் திருப்பித் தருவதாக இருக்கட்டும், சரி செய்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள். சட்டப்படி சாலைக்கே வர முடியாத வண்டியை நன்றாக ஓட வைத்து உங்களுக்கு என்ன பயன்? பட்டறை வண்டியை விடவே மறுத்தால், வண்டியை ஒப்படைக்கவும் நிபுணரை வைத்துப் பரிசோதிக்கவும் இடைக்கால உத்தரவு கேட்டுக் கூடவே மனு போடுங்கள்.

போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம். வேலை சரியில்லை என்பது சிவில் தகராறு, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எஞ்சினுக்கு எந்த மூல ஆவணமும் காட்ட மறுத்தாலோ, பழைய எஞ்சினை விற்றுவிட்டதாகத் தெரிந்தாலோ அப்போது போங்கள்.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். பாலிசியில் பழைய எஞ்சின் எண் இருக்கிறது. இப்படியே ஓட்டி வண்டி தீப்பிடித்தால் சர்வேயர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான், சொந்தச் சேதத்துக்கான கிளைம் சிக்கலாகும். வண்டி மீது கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம். ஒயரில் இருக்கும் ஆதாரம் அவ்வளவு நாள் தாங்காது. ஆர்.சி. நகல், பில், ஜிபே விவரம், எஞ்சின் எண்ணின் படம் ஆகியவற்றோடு இந்த வாரமே உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.