தைக் கல்யாணத்துக்கு முன் லேசிக் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரு அல்சூரில் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது வலது கண் மைனஸ் 5.25, வளைவுக் கோளாறுக்கான சிலிண்டர் பவர் மைனஸ் 0.75. இடது மைனஸ் 4.75. போன வருஷம் மாற்றியபோது இரண்டிலும் அரை பவர் குறைவாக இருந்தது. வரும் தையில் கல்யாணம். அதற்குள் லேசிக் செய்துகொள் என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார். என் டீமில் ஒருவர், "மறுநாள் காலைல சுவர்க் கடிகாரம் தெரிஞ்சதும் அழுதுட்டேன்" என்கிறார். சேலத்தில் இருக்கும் பெரியப்பா மகனோ, "ரெண்டு வருஷமா சொட்டு மருந்தோட அலையறேன், கண்ணாடியும் திரும்ப வந்துடுச்சு" என்கிறார். போன சனிக்கிழமை ஒரு மையத்தில் ஸ்கேன் எடுத்தேன். போட்டிருந்த கான்டாக்ட் லென்ஸை அங்கேயே கழற்றச் சொல்லி, அரை மணியில் எடுத்துவிட்டார்கள். கருவிழித் தடிமன் 525 மைக்ரான் (அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்), கண் ஃபிட், இந்த மாதமே செய்தால் சலுகை என்றார்கள். நான் யாரை நம்புவது?

பதில்: உங்கள் டீம்காரரையும் நம்புங்கள், அண்ணனையும் நம்புங்கள். இரண்டு பேரும் அவரவர் கண்ணைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரிடமும் நான்கு விஷயங்களைக் கேட்க விட்டுவிட்டீர்கள்: முன்பு பவர் எவ்வளவு, கருவிழித் தடிமன் எவ்வளவு, என்ன முறையில் செய்தார்கள், எந்த வயதில் செய்தார்கள். இந்த நான்கும் தெரியாமல் கேட்ட அனுபவம் டீக்கடைப் பேச்சுக்கு ஆகும். உங்கள் கண்ணுக்கு ஆகாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். லேசிக் என்பது கருவிழியின் (கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலம்) மேல்புறத்தில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசரால் சீவி, மூடியைத் திரும்பப் படியவைக்கும் வேலை. மூடிக்குச் சுமார் 110 மைக்ரான் போகும். ஒரு பவரைக் குறைக்க, ஆறரை மில்லிமீட்டர் அகலத்தில் சுமார் 14 மைக்ரான் சீவ வேண்டும். உங்கள் வலது கண்ணில் சிலிண்டரையும் சேர்த்து 6 பவர் என்றால் 84. ஆக, 525இல் 110ம் 84ம் போக மீதி 331. கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கி நிற்கப்போவது இந்த மீதிதான். 250க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய எல்லை. இன்று கண் டாக்டர்கள் பலரும் 300 இருந்தால்தான் நிம்மதியாகக் கத்தியை எடுக்கிறோம். இப்போது 8 பவரும் 500 மைக்ரானும் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி 110, சீவல் 112, மீதி 278. ஒரே மிஷின், ஒரே டாக்டர், ஒரே நாள் என்றாலும் இரண்டு கண்ணுக்கும் கதை வேறு. அண்ணன் எந்தக் கணக்கில் வந்தவர் என்று எனக்குத் தெரியாது. அவருக்காவது தெரியுமா, கேட்டுப் பாருங்கள். பவர் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சில வருஷத்தில் கொஞ்சம் திரும்பி வருவதும் அதிகம்.

கணக்குப்படி உங்கள் கண் தேறுகிறது. இருந்தும் தைக்கு முன் வேண்டாம் என்பதே என் பதில். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட இரண்டு வரிகள்தான் காரணம்.

முதலாவது, ஒரே வருஷத்தில் அரை பவர் ஏறியது. லேசர் இன்றைய பவரை எடுக்குமே தவிர, நாளை ஏறுவதைத் தடுக்காது. குறைந்தது ஒரு வருஷமாவது பவர் அரைக்கும் குறைவாகத்தான் மாறியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இதில் ஒரு சந்தேகத்தின் பலன் உங்களுக்கு உண்டு. நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களின் கண் தசை கிட்டத்திலேயே இறுகிப்போய், இல்லாத மைனஸைக் காட்டும். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, கடையில் கம்ப்யூட்டரில் முகத்தை வைத்துப் பார்த்த பவர் என்றால் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவையை விரித்துப் பார்த்தால் ஏறியது நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். அந்த ஒரே அமர்வில் விழித்திரையின் ஓரத்தையும் பார்த்துவிடலாம், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வைக் கண் சற்று நீண்ட கண். லேசருக்குப் பிறகும் அதே நீளம்தான். கண்ணாடி போய்விட்டதால் விழித்திரை கிழியும் அபாயமும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. (மருந்து விட்ட அன்று ஸ்கூட்டரில் வராதீர்கள். ஓசூர் ரோடு வெயிலில் எதிரே எதுவும் தெரியாது.)

இரண்டாவது, லென்ஸைக் கழற்றி அரை மணியில் எடுத்த ஸ்கேன். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவைக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் அதைவிடக் கூடுதல் நாள் போடாமல் இருந்த பிறகு எடுத்தால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. நாங்கள் அந்தப் படத்தில் தேடுவது தடிமனை மட்டும் இல்லை. கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய் உண்டு, கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கிக்கொண்டே போகும். அதன் ஆரம்ப நிலை சாதாரணச் சோதனையில் பிடிபடாது. அப்படிப்பட்ட கண்ணில் லேசர் பட்டால் பிதுக்கம் வேகமெடுக்கும். லேசிக்கில் நான் பயப்படுவது இதற்குத்தான், மற்றவற்றைச் சமாளித்துவிடலாம். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? பெங்களூருக்கு வந்த பிறகு தும்மலும் கண் அரிப்பும் தொடங்கியதாகச் சொல்லாத தமிழர் என்னிடம் வருபவர்களில் குறைவு. மகரந்தம், காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம், மெட்ரோவுக்குத் தோண்டிய புழுதி என்று ஆளுக்கொரு காரணம். வருஷக்கணக்கில் அழுத்திக் கசக்கும் கண்ணுக்கும் கூம்புக் கருவிழிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அரிப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் லேசர் பேச்சு. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சரி, எல்லாம் ஒத்துவந்து ஒருநாள் செய்துகொள்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மேஜையில் என்ன நடக்கும்? ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். கண்ணை அசையாமல் பிடிக்கும் வளையம் அழுத்தும்போது சில நொடிகள் பார்வை மங்கி இருட்டாகும். முன்கூட்டியே தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோகிறார்கள். பிறகு சின்ன விளக்கொன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். சீவும் லேசர் ஒரு கண்ணில் ஓடுவது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். முடி கருகுவது போல ஒரு வாசனை வரும். எல்லாரும் இதைச் சொல்வார்கள், 'கண்ணைச் சுட்டுட்டாங்க' என்று. உண்மையில் அங்கே எதுவும் சுடப்படுவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் திசுவின் பிணைப்புகளை உடைத்து ஆவியாக்குகிறது, பக்கத்துத் திசு சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுபோய் இந்த லேசரால் வெட்டிப் பார்த்தார். ஓரம் கருகவில்லை. சுத்த சைவக் குடும்பத்துப் பாட்டிகளிடம் மட்டும் இந்த வான்கோழிக் கதையை நான் சொல்வதில்லை.

அன்று மாலை வெங்காயம் நறுக்கியது போல எரிந்து நீர் வழியும். நாலைந்து மணி நேரம் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மறுநாள் காலையில் கடிகாரம் தெரிவது நிஜம். அந்த அழுகையை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் சொல்லும் வறட்சிக்கு வருகிறேன். உடம்பிலேயே நரம்பு மிக அடர்ந்த திசுக்களில் ஒன்று கருவிழி. மூடியை வெட்டும்போது அந்த நரம்புகளும் அறுபடும். 'கண் காய்கிறது, நீர் சுர' என்று தகவல் சொல்ல ஆள் இல்லாமல் போகும். நரம்பு திரும்ப வளர ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை செயற்கைக் கண்ணீர்தான் துணை. பெரும்பாலானவர்களுக்கு அத்துடன் சரியாகும். சிலருக்கு நீடிக்கும், யாருக்கு என்பதை ஓரளவு முன்பே கணிக்கலாம். ஏற்கனவே வறண்ட கண், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், அதன் மேல் நாள் முழுக்க ஏசி. எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் இந்தப் பட்டியலில் பாதி வந்தவர்கள்தான். இமைக்கடியில் சின்னத் தாளைச் செருகி ஐந்து நிமிடம் வைக்கும் கண்ணீர்ச் சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். மூடி வெட்டாமல், சிறு துளை வழியே திசுத் துண்டை உருவி எடுக்கும் ஸ்மைல் முறையில் தொடக்க மாதங்களின் வறட்சி குறைவு, செலவு கூடுதல். கருவிழி மெலிந்தவர்களுக்கு மேற்பரப்பிலேயே செய்யும் பிஆர்கே உண்டு, மூன்று நான்கு நாள் நல்ல வலியோடு.

இனி அத்தை விஷயம். அவர் நினைப்பதில் தப்பில்லை, தேதிதான் தப்பு. லேசிக் மூடிக்குத் தையல் கிடையாது, அது தானாகப் படிய வேண்டும். முதல் சில வாரம் கண்ணில் அடி, விரல், தூசி எதுவும் படக் கூடாது. கண் மை கூடாது, தலைக்குக் குளிக்கும்போதும் ஜாக்கிரதை. நீங்களோ நலங்கு, ஓமப்புகை, மேக்கப், நாலு பக்கமிருந்தும் முகத்தில் வந்து விழும் அட்சதை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அந்தக் கண் மீது ஏற்றப் பார்க்கிறீர்கள். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் முதல் மாதங்களில் சகஜம். வரவேற்பு மேடையில் வீடியோ லைட்டுக்கு எதிரே மூன்று மணி நேரம் நிற்கப் போகிறவர் நீங்கள். கல்யாணம் முடிந்து, பவர் ஒரு வருஷம் நிலையாக நின்றதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இடையில் கர்ப்பம் என்றால், பால் கொடுப்பதை நிறுத்திச் சில மாதம் ஆகும்வரை தள்ளிப்போடுங்கள். அந்தக் காலத்தில் பவர் ஆடும்.

'டாக்டர், நீங்க ஏன் கண்ணாடியில இருக்கீங்க?' என்று அடுத்து கேட்பீர்கள். எனக்கு மைனஸ் 3, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் கையிலிருக்கும் பேப்பர் பளிச்சென்று தெரியும். லேசர் செய்திருந்தால் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேன். நாற்பதுக்கு மேல் அது எல்லாருக்கும் வரும், உங்களுக்கும். 26இல் செய்பவருக்கு அதற்குள் நல்ல பதினைந்து வருஷம் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

மெடிக்ளைம் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பொது விதிப்படி 7.5 பவருக்குக் குறைவான பார்வைத் திருத்தம் காப்பீட்டில் வராது. கம்பெனி குழுக் காப்பீட்டில் இந்த விதிக்கு விலக்கு உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். எப்போது செய்தாலும், அதற்கு முன் எடுத்த பவர், கருவிழி வளைவு, தடிமன் அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது வருஷம் கழித்துக் கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸைக் கணக்கிட அவை வேண்டும். கண் நீர் அழுத்தம் பார்ப்பவரிடமும் லேசர் செய்ததைச் சொல்லுங்கள், மெலிந்த கருவிழியில் அழுத்தம் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

தைக்கு ஒரு வழி இருக்கிறது. அன்றாடம் போட்டு அன்றாடம் தூக்கியெறியும் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மேக்கப்புக்கு முன் போடுங்கள், பின் அல்ல. ராத்திரி அதோடு தூங்கிவிடாதீர்கள். ஓமப்புகையில் உறுத்தினால் கசக்காமல் மாற்றிக்கொள்ள, மூன்றாவது முடிச்சுப் போடப் பின்னால் நிற்கும் நாத்தனாரின் கைப்பையில் உபரியாக ஒரு ஜோடி இருக்கட்டும்.