தொலைத்தேனா, தொலைத்துவிட்டேனா?

அன்புள்ள ஐயா,

'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' இரண்டுக்கும் 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்றே பொருள் சொல்லித் தருகிறார்கள். பொருள் ஒன்றுதான் என்றால் இரண்டு வாக்கியங்கள் எதற்கு? விதிகளை மனப்பாடம் செய்தும் பேசும்போது தடுமாறுகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பொருள் ஒன்றல்ல. 'ஹேவ் லாஸ்ட்' என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை. சொல்பவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். வெறும் 'லாஸ்ட்' என்றால் தொலைந்தது நடந்து முடிந்த செய்தி. பிறகு கிடைத்ததா என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதனால்தான் 'ஐ லாஸ்ட் மை கீ, பட் ஐ ஃபவுண்ட் இட் லேட்டர்' என்று இயல்பாகத் தொடர முடிகிறது. 'ஹேவ்' போட்டுவிட்டு அப்படித் தொடர்ந்தால் காதில் இடறும்.

உங்கள் தடுமாற்றத்துக்கு மனப்பாடக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. 'ஹேவ்' வந்ததும் 'விட்டேன்' என்று பெயர்த்துக்கொள்ளும் பழக்கம்தான் காரணம். நம் 'விட்டேன்' செயல் முடிந்ததை அழுத்திச் சொல்கிறது. எப்போது முடிந்தது என்று அது கவலைப்படுவதில்லை. 'நேற்றே பார்த்துவிட்டேன்' நல்ல தமிழ். அதே நினைப்பில் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்கிறோம், அது பிழை. ஆங்கில 'ஹேவ்' பழைய செயலை இந்த நிமிடத்தோடு கட்டுகிறது. நேற்று மூடிய கதவு, அதற்குள் 'ஹேவ்' நுழையாது. 'திஸ் வீக்' இன்னும் முடியாத வாரம் என்பதால் 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் வீக்' சரி. அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று 'ஹேவ்' இல்லாமலே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிரிட்டிஷ் வழக்கு அங்கே 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்பதையே விரும்பும். ஆனால் 'யெஸ்டர்டே'யுடன் 'ஹேவ்' சேராது என்பதில் இரு சாராரும் ஒன்றுதான்.

இதற்காகத் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு ஆங்கிலம் படியுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தமிழ் கைகொடுக்கும் இடங்கள் நிறைய. 'எ ஃப்யூ பீப்பிள் கேம்', 'ஃப்யூ பீப்பிள் கேம்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 'சிலர் வந்தார்கள்'. இரண்டாவது 'சிலர்தான் வந்தார்கள்'. அந்தத் 'தான்' சுமக்கும் ஏமாற்றத்தை ஆங்கிலம் ஒற்றை 'எ'யை நீக்கிக் காட்டுகிறது. 'ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார், 'ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார்; இங்கே தமிழில் வினையே மாறிவிடுவதால் குழப்பம் வராது.

எனக்கு மிகவும் பிடித்த இணை இன்னொன்று. 'ஐ டிட் நாட் நீட் டு கோ' என்றால் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. பெரும்பாலும் அவர் போகவும் இல்லை. 'ஐ நீட் நாட் ஹேவ் கான்' என்பவர் போய்விட்டு வந்தவர். போனது வீண் என்று இப்போது தெரிகிறது. நாம் அதை எப்படிச் சொல்வோம்? 'நான் போயிருக்கவே வேண்டாம்.' அலுப்போடு திரும்பி வந்து ஒருவர் இப்படிச் சொல்லும்போது, அவர் போனாரா என்று நீங்கள் கேட்பீர்களா?