பிரவுசரில் படம் வரைய எது தோது? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து): அண்ணா, 100 ஆம் இலக்க பஸ் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை வரை போகும் பாதையை வரைகிறேன். தரிப்பிடத்தைத் தொட்டால் அதன் பெயர் வர வேண்டும். பிரவுசரில் படம் வரையும் இந்த இரண்டு வழிகளில் எது தோது: எஸ்விஜியா, கன்வஸா?

பதில்: எஸ்விஜிதான் தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். அதில் ஒவ்வொரு கோடும் வட்டமும், வலைப்பக்கத்திலுள்ள பட்டன் மாதிரி, தனித்தனி உறுப்பு. எதைத் தொட்டார்கள் என்று பிரவுசரே சொல்லும், நிறத்தை சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) மாற்றலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. கன்வஸில் வட்டம் போட்ட கையோடு அது வட்டமே இல்லை, வெறும் புள்ளிகள். விரல் பட்ட இடம் வெள்ளவத்தையா பம்பலப்பிட்டியா என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் கன்வஸ் எதற்கு?

பதில்: எண்ணிக்கை கூடும்போது. ஒருமுறை வெப்பநிலை அளவுகள் 20,000 வந்தன, எல்லாவற்றையும் எஸ்விஜி வட்டமாகவே போட்டேன். என் மடிக்கணினியில் ஓடியது, ஆனால் வேலை தந்தவரின் போனில் விரலால் இழுத்தால் படம் காலி வீதியில் மாலை ஆறு மணி பஸ் மாதிரி நகர்ந்தது. அன்றிரவே புள்ளிகளை மட்டும் கன்வஸுக்கு மாற்றி, அச்சுகளையும் எழுத்துகளையும் மேலே எஸ்விஜியாகவே விட்டேன். இரண்டையும் கலப்பது குற்றமில்லை.

கேள்வி: என் கன்வஸ் போனில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

பதில்: கன்வஸுக்கு இரண்டு அளவு உண்டு: திரையில் தெரியும் சிஎஸ்எஸ் அளவு ஒன்று, உள்ளே அது வைத்திருக்கும் புள்ளிகளின் அளவு மற்றொன்று. சிஎஸ்எஸ்ஸில் 360 அகலம் என்றாலும், டிவைஸ்பிக்சல்ரேஷியோ (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்தில் எத்தனை திரைப் புள்ளிகள் என்ற எண்) 3 உள்ள போனில் கன்வஸின் சொந்த அகலத்தை 1080 ஆக வைத்து, ஸ்கேல் 3 கொடுத்துவிட்டு வரையுங்கள். உயரத்துக்கும் அதே பெருக்கல். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வி: வீட்டின் முப்பரிமாண மாதிரி காட்ட வேண்டும். வெப்ஜிபியு படிக்கவா?

பதில்: வெப்ஜிஎல், வெப்ஜிபியு இரண்டுமே கிராபிக்ஸ் சிப்பை வைத்து பிரவுசரில் வரையும் வழிகள். இப்போதைக்கு திரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண நூலகம், அடியில் வெப்ஜிஎல். வெப்ஜிஎல் 2011 முதல் இருக்கிறது, பழைய போனிலும் ஓடும். வெப்ஜிபியு குரோமிலேயே 2023 இல்தான் வந்தது.

கேள்வி: கன்வஸில் "கொழும்பு" என்று எழுத்தெழுத்தாகத் தோன்ற வைத்தேன். நடுவே புள்ளிவட்டங்கள் வருகின்றன. ஏன்?

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தரலாம். நமக்கு அது நாலு எழுத்து: கொ, ழு, ம், பு. பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ எட்டு, ஏனென்றால் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும். ஒவ்வொன்றாக வெட்டி, கன்வஸில் எழுத்து வரையும் ஃபில்டெக்ஸ்ட்டுக்குக் கொடுத்தால் தனித்து நிற்கும் குறிக்குப் புள்ளிவட்டம் வரத்தான் செய்யும். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்தக் கருவியான இன்ட்ல்.செக்மென்டரிடம் கொடுத்துப் பிரித்தால் நாலாகவே வரும். ஃபயர்ஃபாக்ஸில் அது 2024 இல்தான் சேர்ந்தது, பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு முழுச் சொல்லையும் ஒரே தடவையில் காட்டிவிடுங்கள். அப்புறம், தமிழ் எழுத்துரு இறங்கி முடியும் முன் வரைந்தால் வேறு எழுத்துருவில் விழுந்து அப்படியே நிற்கும், ஆகவே பக்கத்தின் எழுத்துருக்களைக் கவனிக்கும் டாக்குமென்ட்.ஃபொண்ட்ஸில் லோட் கொடுத்து, அது முடிந்த பிறகு வரையுங்கள்.