பட்டியல் எப்போது நீண்டது?

கேள்வி: உகாண்டாவில் புகாண்டா என்று ஒரு ராஜ்யம், 36 ராஜாக்கள், 700 வருடச் சரித்திரம் என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குலக்கூட்டங்களுக்கு ஏது சரித்திரம்? வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்ததைத்தானே இன்று சொந்தப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வெள்ளைக்காரன் எழுதினான் என்பது சரி. என்ன எழுதினான் என்று பார்த்துவிட்டு நீங்கள் கேள்வி கேட்டிருக்கலாம்.

நைல் எங்கே பிறக்கிறது என்று தேடிக்கொண்டு ஜான் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் 1862-ல் புகாண்டாவுக்குள் நுழைந்தார். அப்போது கபாகா, அதாவது அரசர், முதலாம் முத்தேசா. அகலமான சாலைகள், நாணல் வேலி போட்ட பெரிய அரண்மனை, காட்டிகிரோ என்ற முதலமைச்சர், தனி அரண்மனையும் தனி அதிகாரிகளும் வைத்திருந்த ராஜமாதா, எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. அரபு வணிகர்கள் அவருக்கு முன்பே, முத்தேசாவின் அப்பா சூனா காலத்தில், துணியும் துப்பாக்கியும் கொண்டுவந்து தந்தம் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முத்தேசாவே அரபி கற்றுக்கொண்டவர். ஸ்பீக்குக்கு இதையெல்லாம் பார்த்துத் தலை சுற்றியது. கறுப்பர்கள் தாங்களாக இப்படி ஒரு அரசை நடத்தியிருக்க முடியாது, எத்தியோப்பியா பக்கமிருந்து வந்த வேறோர் இனம்தான் இவர்களை ஆள்கிறது என்று ஊர் திரும்பி எழுதிவைத்தார். சான்று ஒன்றும் கிடையாது, முகவெட்டைப் பார்த்துச் செய்த ஊகம். அந்த ஊகத்தைப் பின்னால் வந்த பாதிரியார்களும் அதிகாரிகளும் பிடித்துக்கொண்டார்கள், ருவாண்டாவில் அது பெல்ஜியர்கள் இனம் குறித்துக் கொடுத்த அடையாள அட்டை வரைக்கும் போயிற்று, 1994 இனப்படுகொலையில் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, எழுத்து இல்லாமல் எதை வைத்து நினைவு வைத்துக்கொண்டார்கள்? குலத்தை வைத்துத்தான். குலம் என்றதும் நம்மூர் சாதியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சாதிக்குள்ளேயே பெண் எடுப்பது நம் வழக்கம், அங்கே குலத்துக்குள் பெண் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலக்குப் பொருள் உண்டு: சிங்கம், அழுங்கு, புனுகுப்பூனை, நீர்நாய், காளான், வெட்டுக்கிளி. வெட்டுக்கிளிக் குலத்தான் வெட்டுக்கிளி தின்னமாட்டான். மழைக்காலத்தில் ஊரே கூடை கூடையாகப் பிடித்து, சிறகையும் காலையும் கிள்ளிப்போட்டு வறுத்துத் தின்னும்போது இவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பான். குலத்துக்கென்று ஒரு முரசுத் தாளமும் தனிப் பெயர்களும் உண்டு, பெயரைச் சொன்னாலே எந்தக் குலம் என்று தெரிந்துவிடும். பெண் கேட்டுப் போகிற இடத்தில் அப்பா, தாத்தா, கிளை, உள்கிளை என்று வரிசையாகச் சொல்லியாக வேண்டும், இது இன்றைக்கும் நடக்கிறது. உங்களுக்கு அம்மாவின் தாத்தா பெயர் தெரியுமா? எனக்குத் தெரியாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மற்ற எல்லாருக்கும் அப்பாவின் குலம், அரச பிள்ளைகளுக்கு மட்டும் அம்மாவின் குலம். ஆகவே அரியணை எந்தக் குலத்துக்கும் நிரந்தரச் சொத்து இல்லை, தன் வீட்டுப் பெண்ணின் மகன் நாளைக்குக் கபாகா ஆகலாம் என்று ஒவ்வொரு குலமும் கனவு காணலாம். எந்த அரசனின் தாய் எந்தக் குலம், எந்தக் குலம் அரண்மனையில் எந்த வேலைக்கு உரிமை பெற்றது என்பதை ஐம்பது சொச்சம் குலங்களும் தனித்தனியாக நினைவு வைத்திருந்தன. ஒருவன் கூட்டிச் சொன்னால் மறுக்க அடுத்த குலத்தான் தயாராக இருப்பான். அரண்மனைப் புலவர் மட்டும் பாடி வைத்த மெய்க்கீர்த்தியை நம்புவதைவிட இது மோசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவு வாயில் மட்டும் இருந்ததாகவும் எண்ண வேண்டாம். கபாகா இறந்தால் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு, கீழ்த்தாடை எலும்பைத் தனியே எடுத்து, மணிகளால் அலங்கரித்து, அதற்கென்று ஒரு கோயில் வீடு கட்டிக் காவலுக்கு ஆள் வைப்பார்கள். கேட்கக் கொஞ்சம் கூசத்தான் செய்யும். ஆனால் ஒரு அரசனுக்கு ஒரு தாடை, ஒரு தாடைக்கு ஒரு வீடு என்று நிலத்தின் மேலேயே வரிசை நின்றது. இப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த பகுதிக்கு புசிரோ என்றே பெயர். தாடை எடுக்காமல் முழு உடலாகப் புதைக்கப்பட்ட முதல் கபாகா முத்தேசா. கம்பாலாவில் காசுபி மேட்டில், அவர் அரண்மனையாக இருந்த பெரிய புல்வீட்டுக்குள்ளேயே 1884-ல் அடக்கம் செய்தார்கள். அந்தக் கூரையின் உட்புறம் அண்ணாந்து பார்த்தால் வட்டம் வட்டமாக 52 வளையங்கள், குலத்துக்கு ஒன்று. கூரை வேய்கிற உரிமை ஒரே ஒரு குரங்குக் குலத்துக்குத்தான். 2010-ல் அது எரிந்துபோய்த் திரும்பக் கட்டினார்கள்.

இனி அந்த வீடியோக்காரரிடம் வருகிறேன், அவரும் தப்பக்கூடாது. 36 என்பது இப்போதைய கபாகா இரண்டாம் முத்தேபி வரைக்குமான அதிகாரபூர்வக் கணக்கு. ஸ்பீக் 1862-ல் கேட்டு எழுதிய பட்டியலில் பத்து அரசர்கூட இல்லை. 1875-ல் வந்த இன்னொரு பயணி ஸ்டான்லியின் பட்டியலில் 30-க்கு மேல். பதின்மூன்று வருடத்தில் இத்தனை முன்னோர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? ஸ்பீக் சரியாகக் கேட்காமல் போயிருக்கலாம். அதோடு, குர்ஆனிலும் பைபிளிலும் வருகிற நீண்ட வம்ச வரிசைகளைப் பார்த்த அரண்மனைக்கு நம்முடையதும் நீளமாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்கும் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது. பிறகு 1901-ல் காட்டிகிரோ அப்போலோ கக்வா (இவர் வெட்டுக்கிளிக் குலம்) அரசர் வரலாற்றை லுகாண்டா மொழியிலேயே அச்சில் கொண்டுவந்தார், அத்தோடு வரிசை உறைந்துபோயிற்று. எழுத்து இல்லாததால் சரித்திரம் கெட்டது என்கிறீர்கள். பட்டியல் கெட்டது எழுத்து வந்த பிறகு.

700 வருடம் என்பதும் இப்படித்தான், பட்டியலைத் தலைமுறைக் கணக்காக்கிப் பெருக்கியதில் வந்த எண். அண்ணன் போனால் தம்பி, தம்பி போனால் இன்னொரு தம்பி என்று பட்டத்துக்கு வந்தவர்கள் புகாண்டாவில் ஏராளம், ஆகவே இத்தனை அரசர் என்பது இத்தனை தலைமுறை ஆகாது. 18-ஆம் நூற்றாண்டு முதல் கெட்டியான தரை, அதற்கு முன்னால் போகப்போகச் சேறு. முதல் அரசன் கிண்டு கதையில் அவனுக்கு எதிரியாகப் பெம்பா என்று ஒரு பாம்பு ராஜா வருவான். ராத்திரி ஆனால் நாங்கள் தலையை வெட்டி வைத்துவிட்டுத்தான் தூங்குவோம், அதனால்தான் சாகிறதில்லை என்று ஆமைகள் சொன்னதை நம்பி, எனக்கும் வெட்டு என்று கழுத்தைக் கொடுத்தவன். இதற்கு ஆண்டு கேட்டால் எங்கே போவது? ஆமைகளை அனுப்பியது எங்கள் ஆள் என்று அழுங்குக் குலம் இன்றும் உரிமை கொண்டாடுகிறதே, அதுதான் இதிலுள்ள சரித்திரம்.

மண்ணுக்குள் இருப்பதை யாரும் நீட்ட முடியாது. மேற்கு உகாண்டாவில் ந்துசி என்ற இடத்தில் குப்பை கொட்டிக் கொட்டியே எழுந்த இரண்டு பெரிய மேடுகள் இருக்கின்றன. தோண்டினால் மாட்டெலும்பு, பானை ஓடு, அரைக்கும் கல். காலம் 11-ஆம் நூற்றாண்டு தொடங்கி. கடோங்கா ஆற்றோரம் பிகோ என்ற இடத்தில் 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அகழிகள், சில இடங்களில் பாறையையே வெட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஆளும் இனம் எதன் தடயமும் அங்கே அகப்படவில்லை. உள்ளூர்ப் பானைகள்தான், உள்ளூர் மாடுகள்தான்.

புன்யோரோ கதை இதைவிடக் கசப்பு. அது புகாண்டாவுக்கு மூத்த ராஜ்யம், ஆல்பர்ட் ஏரிக்கரையில் கிபிரோவில் பெண்கள் மண்ணைக் கழுவிக் காய்ச்சும் உப்பு அதன் கஜானா. அரசர் கபலேகா ஆங்கிலேயரை 1899 வரை காட்டுக்குள் இருந்து எதிர்த்தார், பிடித்து செஷெல்ஸ் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலேயருக்குத் துணை நின்ற புகாண்டாவுக்குப் பரிசாகப் புன்யோரோவின் மாவட்டங்கள் போயின. அப்புறம் 1930-களில் புன்யோரோ அரண்மனை தன் வம்ச வரிசையை அச்சில் வெளியிட்டபோது அதுவும் முன்னைவிட நீளமாக இருந்தது. எங்கள் அரசு பழையது, ஆகவே நிலம் எங்களுடையது என்று ஆங்கிலேயனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. நிலத்தை இழந்தவன் பத்திரத்தில் ரெண்டு வரி கூட்டி எழுதினான் என்று நான் அவனைத் திட்டமாட்டேன், ஆனால் அந்த ரெண்டு வரியை நம்பவும் மாட்டேன்.

அவர்களுக்கு அந்த வரிகள் தேவையே பட்டிருக்காது. பறிபோன மண்ணில்தான் புன்யோரோ அரசர்களின் கல்லறைகள் இருந்தன. 1964-ல் சுதந்திர உகாண்டா அங்கே இரண்டு மாவட்டங்களில் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் புன்யோரோவோடு சேரத்தான் வாக்களித்தார்கள்.