வரையத் தெரியாதவர்கள்தான் காமிக்ஸுக்குக் கலர் அடிக்கப் போகிறார்களா?

கேட்டவர் அநேகமா ஒரு அப்பாவா இருக்கணும். வீட்ல பிள்ளை கலரிஸ்ட் ஆகப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, அதானே? கோபப்படாம எழுதப் பாக்குறேன்.

இல்லை. நல்லா வரையத் தெரிஞ்சவங்களும் இதுக்கு வர்றாங்க. வந்த பிறகு அவங்களுக்கு வரையத் தெரியும்ங்கிறதை ஊர் மறந்துடும்.

மேரி செவரின்னு ஒரு அமெரிக்க அம்மா, 1929ல பிறந்தவங்க. திகில் கதைகளுக்குப் பேர்போன இ.சி. காமிக்ஸ்ல அண்ணன் ஜான் செவரின் வரைஞ்சாரு, இவங்க கலர். அப்போ கறுப்பு போக, கலருக்குன்னு கையில இருந்தது மூணே மை: மஞ்சள், சிவப்பு, நீலம். ஒவ்வொண்ணும் நாலு அளவுல (சுத்தமா இல்லாததும் ஒரு அளவு), கலந்தா மொத்தம் 64 நிறம். சின்ன நகல்ல சாயம் தீட்டி, எந்த இடத்துல எந்த மை எவ்வளவுன்னு குறி எழுதி அனுப்பணும். கோரமான கட்டங்களை ஒரே அடர் நிறத்துல முக்கிடுவாங்கன்னு பேர் வாங்கினவங்க. இ.சி. மூடினதும் கொஞ்ச காலம் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில வேலை. அப்புறம் மார்வெல்ல 1972 வரைக்கும் தலைமைக் கலரிஸ்ட். அங்கேயும் ஒரு பத்திரிகைக்கு இவங்க வரைஞ்சதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் காமிக்ஸ் வரையக் குடுத்தாங்க. அத்தனை வருசமா அந்தக் கை அங்கேயேதானே இருந்துச்சு?

நான் அந்த அளவுக்கு இல்லை, ஒத்துக்கிறேன். "உன்னையும் அவங்களையும் ஒப்பிடுறியா"ன்னு யாரும் பின்னூட்டத்துல வர வேண்டாம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ரப்பர் தோட்டத்துல பிறந்து, இப்போ தாமான் (குடியிருப்பு) வீட்ல உக்காந்து எட்டு வருசமா பிளாட்டிங் பண்றேன். கறுப்புக் கோடுகளா மட்டும் வரைஞ்ச பக்கம் வரும். சட்டை, தோல், சுவர், வானம்னு பிரிச்சு நிறம் நிரப்பிக் குடுக்கணும். முழுக் கலர் வேலை எப்பவாவதுதான் கிடைக்கும்.

அப்படிக் கிடைச்ச ஒண்ணு ரப்பர் தோட்டத்துக் கதை. பிப்ரவரி மாசம் நடக்குது. அம்மா 32 வருசம் பால்மரம் வெட்டுனவங்க, பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன். "இலை உதிர்ற காலம்டி, மரம் பூரா சிவந்து கெடக்கும். நேத்து வெட்டுன கோடு கறுத்திருக்கும், இன்னைக்கு வெட்டுனது ஈரமா மினுங்கும். மங்குல (பால் பிடிக்கிற கிண்ணம்) ராத்திரியே கட்டிப்போன பால் மஞ்சளா இருக்கும், வெள்ளையா அடிச்சிடாத." சொன்னபடியே பதினாலு பக்கம் பண்ணேன். வாழ்நாள்ல நான் செஞ்சதுலயே நல்ல வேலை அதுதான்.

"தோட்டம்னா பச்சைதானே"ன்னு எடிட்டர் மொத்தத்தையும் பச்சையாக்கிட்டாரு. மார்வெலோட பச்சை ராட்சசன் ஹல்க்கூட 1962ல முதல் இதழ்ல சாம்பல் நிறம்தான். அச்சுல அந்தச் சாம்பல் ஒரு பக்கத்துல ஒரு மாதிரி வந்ததால அடுத்த இதழ்ல பச்சையானான். அங்கே அச்சு கைவிட்டுச்சு, புரியுது. இங்கே எது கைவிட்டுச்சு? புத்தகம் வந்தப்போ என் பேரு எங்கேயும் இல்லை. அம்மா ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "இது எந்த ஊரு தோட்டம்டி?"ன்னு கேட்டாங்க. நான் அடிச்ச கலர் இல்லைன்னு சொல்லக்கூட வாய் வரலை.

காசு? மாசா மாசம் ஒரே மாதிரி வராது, ஆனா வரும். பிள்ளை தினமும் வரையுதான்னு மட்டும் பாருங்க. கலர் எங்கே வைக்கணும்னு தெரிய உடம்பு எங்கே மடங்கும், வெளிச்சம் எங்கே விழும்னு தெரியணும். அது வரையிறவங்களுக்குத்தான் வரும்.

சொந்தக்காரங்களைத்தான் சமாளிக்க முடியாது. "கலர்தானே, அஞ்சு நிமிச வேலை"ன்னு கல்யாணக் கார்டு, காதுகுத்து பேனர் எல்லாம் ஓசியில கேப்பாங்க. போன வருசம் எங்க கோயில் கமிட்டி திருவிழா பேனர் கேட்டுச்சு. அம்மன் சின்னதா மூலையில, தலைவர் நடுவுல பெருசா. அதுலயும் "தலைவர் முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கும்மா"ன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. என் அப்பா நிறம்தான் அவருக்கும், நல்ல மாநிறம். அதுல என்ன குறை? ஆக்கிக் குடுத்தேன். 80 வெள்ளி (ரிங்கிட்) இன்னும் வரலை. பேனரை இறக்கவும் இல்லை. வெயில்ல சிவப்பும் மஞ்சளும் முதல்ல வெளுத்துப் போச்சு, நீலம் மட்டும்தான் மிச்சம். தலைவர் இப்போ கிருஷ்ணர் மாதிரி நிக்கிறாரு.