கொலுசைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள்

பயணக் கேள்வி-பதில் பக்கத்துக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜார்ஜியா பற்றியவை. ஆச்சரியமில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். பார்க்கப் போகிற பெற்றோருக்கு அப்படியே ஊரையும் சுற்றிவர ஆசை. என் அக்கா மகள் அங்கே படித்த காலத்தில் நானும் போய்த் தங்கியிருக்கிறேன். பூகோள டீச்சராக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? அதனால் இந்த மாதம் முழுக்க ஜார்ஜியாதான். ஒகேனக்கல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

மகள் தலைநகர் திபிலிசியில் படிக்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் போகிறோம். டிராவல்ஸ்காரர் நான்கு நாள் பேக்கேஜ் தருகிறார்: நகரம் ஒரு நாள், மலை ஒரு நாள், ஷாப்பிங் ஒரு நாள், பாக்கி ஒரு நாள் ஓய்வு. தினமும் ராத்திரி இந்தியச் சாப்பாடு. எடுக்கலாமா?
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

எடுக்காதீர்கள். பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட நம் சேலம் ஐந்து ரோடு போதும், அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

நீங்கள் போகிற நேரம் அருமையான நேரம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் கிழக்கே ககேத்தி மாகாணத்தில் திராட்சை அறுவடை நடக்கும். ர்த்வேலி என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் மேடை, மைக் எதுவும் இருக்காது. வேலைதான் விழா. நகரத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். காலையில் கொடியில் குலை வெட்டுவார்கள். மத்தியானம் முற்றத்து அண்டாவில் திராட்சைச் சாறும் கோதுமை மாவும் சேர்ந்து கூழாகக் கொதிக்கும். நூலில் கோத்த வால்நட் பருப்பை அதில் முக்கி எடுத்துக் கம்பில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். அதுதான் சுர்ச்கேலா. கெட்டுப்போகாது, சைவம், சாராய வாசனையும் கிடையாது. ஊருக்கு வாங்கி வருவதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

தெலாவி அல்லது சிக்னாகி பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்து இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். வீட்டிலேயே சமைத்துப் போடுகிற இடமாகப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் கையிலும் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்ஸ்கேத்தாவுக்கு அரை நாள் வேண்டும். பழைய தலைநகரம், திபிலிசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். குன்றின் மேல் 6-ஆம் நூற்றாண்டு ஜ்வாரி ஆலயம். அங்கிருந்து பார்த்தால் அரக்வி, ம்த்க்வரி ஆறுகள் வேறு வேறு நிறத்தில் வந்து கலப்பது தெரியும். கீழே ஊருக்குள் 11-ஆம் நூற்றாண்டு ஸ்வேத்தித்ஸ்கோவேலி பேராலயம். இரண்டும் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

கஸ்பேகி மலைப் பாதைக்கு ஒரு முழு நாள். கணவாய் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரம். ஏற்காட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கே எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு வருகிறவர் யாராவது கூட வந்தால் முன் சீட்டு அவருக்கு. கெர்கெத்தி தேவாலயம் 2,170 மீட்டரில் நிற்கிறது, பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டிய கஸ்பெக் சிகரம். மேகம் விலகினால்தான் தெரியும், காலையில் சீக்கிரம் போங்கள். வடமேற்கு மலைப்பகுதியான ஸ்வானெத்தியின் கல் கோபுர வீடுகளையும் பார்க்க ஆசை வரும். போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகிவிடும். கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் யோசியுங்கள்.

மகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள். ஹாஸ்டல், காலேஜ், இந்திய மெஸ் தவிர அவளும் எதையும் பார்த்திருக்க மாட்டாள்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பருப்புப்பொடி, ரெடிமேட் சப்பாத்தி எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பொடி ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், மன தைரியத்துக்கு. மற்றபடி ஐரோப்பா பக்கத்தில் சைவக்காரர் வயிறு நிறைந்து சாப்பிடக்கூடிய சமையல் என்றால் எனக்கு ஜார்ஜியச் சமையல்தான். கொத்தமல்லித்தழை இல்லாமல் அவர்களுக்கும் கை ஓடாது.

முதலில் பத்ரிஜானி. கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி வறுத்து, வால்நட், பூண்டு, கொத்தமல்லி அரைத்த விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்து தூவித் தருவார்கள். அந்த விழுதில் ஒரு மஞ்சள் பொடி சேரும். என்ன என்று சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். நாம் ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டுகிற செண்டுமல்லி! இதழைக் காயவைத்துப் பொடித்து மசாலாவாகப் போடுகிறார்கள். அப்புறம் ப்காலி: கீரையை வேகவைத்துப் பிழிந்து, அதே வால்நட் விழுதில் பிசைந்து உருட்டியது. லோபியோ என்பது மண் சட்டியில் வெந்த ராஜ்மா வகைப் பயறு. மக்காச்சோள அடை கூட வரும். சிலர் லோபியோவில் பன்றிக்கறி போடுவார்கள், கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ரொட்டி வட்டக் களிமண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுவது. வாங்கிய ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே பிய்த்துத் தின்பதில் யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

கின்காலி வாங்கினால் காளான், உருளைக்கிழங்கு, சீஸ் என்று சொல்லி வாங்குங்கள், சாதாரணமாக உள்ளே கறிதான். கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதால் நமக்கு நிம்மதி. உச்சி முடிச்சைத் தட்டிலேயே விட்டுவிடுவது வழக்கம். கச்சாபுரி சீஸ் வைத்த ரொட்டி. படகு வடிவத்தில் வருகிற அஜாரா வகையின் மேல் முட்டை உடைத்து ஊற்றியிருக்கும், உங்களுக்கு வேண்டாம். இமெரெத்தி வகை கேளுங்கள். முட்டை சேர்த்தீர்களா என்று அதற்கும் கேட்பது நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் நிறைய. ஈஸ்டருக்கு முன்னால் வாரக்கணக்கில், அது போகப் புதன், வெள்ளி. கறி, முட்டை, பால் எதுவும் சேராத அந்தச் சாப்பாட்டுக்கு சமார்க்வோ என்று பெயர். கடையில் உட்கார்ந்து ‘வெஜிடேரியன்’ என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு சொல் வேலை செய்யும். மீன் மட்டும் சில நாட்களில் விரதத்தில் சேர்த்தி, அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஜார்ஜியா அமெரிக்காவில்தானே இருக்கிறது? பேரன் ரஷ்யா பக்கம் என்கிறான்.
— வாசகர், தாரமங்கலம்

அமெரிக்காவிலும் ஒரு ஜார்ஜியா மாநிலம் உண்டு. நாம் பேசுவது பேரன் சொல்கிற நாடு. கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைக்குத் தெற்கே. 1991 வரை சோவியத் யூனியனில் இருந்தது. மொத்த ஜனத்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு, 2011 கணக்கில் நம் சேலம் மாவட்டமே கிட்டத்தட்ட 35 லட்சம். அவ்வளவு பேர் சேர்ந்து 33 எழுத்துள்ள சொந்த லிபியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

வீட்டு விருந்துக்கு உட்கார்ந்தால் மது குடித்தே ஆக வேண்டுமாமே? எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம். மறுத்தால் கோபித்துக்கொள்வார்களா?
— வாசகி, அம்மாப்பேட்டை

கோபிக்க மாட்டார்கள், ஆனால் எப்படி மறுப்பது என்பது முக்கியம்.

அவர்களுடைய விருந்துக்கு சுப்ரா என்று பெயர். தமாதா என்று ஒருவர் தலைமை. அவர் எழுந்து ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசி வாழ்த்திய பிறகுதான் மற்றவர்கள் கோப்பையைத் தூக்குவார்கள். தாகத்துக்கு நடுவில் ஒரு மடக்கு குடிப்பது மரியாதை இல்லை. சமாதானம், நாடு, பெற்றோர், குழந்தைகள், விருந்தாளி என்று போய்க்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில். தமாதா சில சமயம் ‘அலாவெர்தி’ என்று உங்கள் பக்கம் கை காட்டுவார். அவர் விட்ட இடத்திலிருந்து நீங்கள் பேச வேண்டும்.

ஆக, அங்கே எதிர்பார்ப்பது பேச்சைத்தான். உட்கார்ந்தவுடனேயே குடிப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் காய்ச்சிய பழரசமோ பச்சை நிறத் தர்கூன் சோடாவோ ஊற்றுவார்கள். அதைத் தூக்கிப் பிடித்து, கண்ணைப் பார்த்து, முழு மனதோடு பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், மகள் மொழிபெயர்க்கட்டும். போனை நோண்டிக்கொண்டிருப்பதுதான் அவமரியாதை.

இறந்தவர்களை நினைத்து ஒரு முறை கோப்பை தூக்குவார்கள். ககேத்தியில் ஒரு வீட்டில் என் முறை அப்போது வந்தது. என் மாமியார் பெயரைச் சொன்னேன். உயிரோடு இருந்தவரை எங்களுக்குள் அவ்வளவு ஒத்துப்போனதில்லை, அதையும் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வீட்டுக்காரப் பாட்டி ஒரு துண்டு ரொட்டியில் மதுவைச் சொட்டவிட்டுத் தட்டில் வைத்தார், இறந்தவர்களுக்காக. பிறகு என்னைப் பார்த்து, தன் மாமியாரும் அப்படித்தான் என்றார்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். அங்கே காப்பி விளைகிறதா? மண்ணில் புதைத்த பானையில் திராட்சை மது செய்வது நிஜமா?
— வாசகர், நாகலூர்

காப்பிக்கு அந்தக் குளிர் ஆகாது. தேயிலை உண்டு. நம் மலைக்கு 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார் என்றால், அவர்களுக்கு 1893-இல் லாவ் ஜின் ஜாவ் என்ற சீனர் வந்து கருங்கடல் ஓரத்துச் சக்வியில் தேயிலை வளர்த்தார். சோவியத் காலத்தில் அந்த யூனியன் குடித்த தேயிலையில் பெரும்பகுதி இவர்களுடையது. 1991-க்குப் பிறகு சந்தை போனது, தோட்டங்கள் காடாகின. விலை விழுந்தால் தோட்டம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

பானை நிஜம்தான். க்வேவ்ரி என்று பெயர். முட்டை வடிவம், அடி கூர், சில பானைகளில் ஆளே இறங்கலாம். உள்ளே தேன்மெழுகு பூசிக் கழுத்து வரை மண்ணில் புதைத்திருப்பார்கள். சாறோடு தோல், விதை, சில இடங்களில் காம்பும் சேர்த்து உள்ளே போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். சுற்றி மண் இருப்பதால் சூடு ஏறாமல் இறங்காமல் இருக்கும். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கி.மு. 6000 வாக்கில் அங்கே திராட்சை மது செய்ததற்கான தடயத்தைப் பழைய பானை ஓடுகளில் கண்டுபிடித்து 2017-இல் வெளியிட்டார்கள். குடிக்காவிட்டாலும் அந்த நிலவறையைப் பாருங்கள்.

கோயில்களுக்குள் விடுவார்களா? பாட்டு நன்றாக இருக்கும் என்கிறார்களே?
— வாசகி, ஆத்தூர்

விடுவார்கள். பெண்களுக்குத் தலை மூட வேண்டும், கால் தெரியக்கூடாது. புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். ஆண்கள் அரைக்கால் டிரவுசரில் போகக்கூடாது.

பாட்டுக்காகவே ஒரு ஞாயிறு காலை ஒதுக்குங்கள். வாத்தியம் கிடையாது. மூன்று குரல், மூன்றும் வேறு வேறு வழியில் போய் ஒன்றோடொன்று உரசி நிற்கும். முதலில் சுருதி சேராதது போலவே தோன்றும், கொஞ்சம் பொறுங்கள். ககேத்திப் பாட்டில் கீழே ஒரு குரல் அசையாமல் நிற்கும், மேலே இரண்டு அலையும். மேற்கே குரியாவில் மூன்றும் ஓடும். 1977-இல் நாசா வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் ஒரு ககேத்திப் பாட்டும் இருக்கிறது. உட்கார நாற்காலி இருக்காது, இரண்டு மணி நேரம் நிற்க வேண்டி வரும். முழங்கால்காரர்கள் சுவரோரம் இடம் பிடியுங்கள்.

கந்தக வெந்நீர்க் குளியல் எல்லாரும் ஒன்றாகவா? கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், சேலம்

பொதுப் பகுதியில் ஆண் பெண் தனித்தனி, ஆனால் துணி கிடையாது. மணிக் கணக்கில் வாடகைக்குத் தனி அறையும் தருவார்கள், குடும்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். திபிலிசியில் அபானோத்துபானி என்கிற பேட்டையில் செங்கல் குமிழ்க் கூரை தெரிகிற இடம். வேட்டைக்கு வந்த வக்தாங் கொர்கசாலி ராஜாவின் பருந்தும் அது அடித்த பறவையும் வெந்நீர் ஊற்றில் விழ, அவர் அங்கேயே நகரம் கட்டினார் என்பது கதை. தண்ணீரில் அழுகின முட்டை வாசனை வரும். காசு கொடுத்தால் முரட்டுக் கையுறை போட்டு ஒருவர் தேய்த்துவிடுவார், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்காரர்களுக்கே அழுக்கு எவ்வளவு என்று அப்போது தெரியும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் இருக்க வேண்டாம். அப்புறம், வெள்ளிக் கொலுசு, மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். கந்தகம் பட்டால் கறுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து மெருகு போட வேண்டியிருக்கும்.

இந்தியாவுக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா?
— கல்லூரி மாணவர், ஓமலூர்

உண்டு, கோவா வழியாக. ககேத்தி ராணி கெத்தேவான் மதம் மாற மறுத்ததால் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லவைத்தார். போர்த்துகீசியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவில் இடிந்து கிடக்கிற புனித அகஸ்டின் ஆலயத்தைத் தோண்டியபோது எலும்பு கிடைத்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகம் மரபணுவைச் சோதித்தது. 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஜார்ஜியத் திருச்சபைக்கு அவர் புனிதர். கோவா போகிறவர்கள் அந்த இடிந்த கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், கதை தெரியாமல்.

வீட்டில் தங்கினால் என்ன கொண்டுபோய்க் கொடுப்பது?
— வாசகி, அஸ்தம்பட்டி

ஏற்காட்டு மிளகு நூறு கிராம், காப்பித்தூள் ஒரு பாக்கெட். பில்டரும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சும்மா கொதிக்க வைத்துவிடுவார்கள். அங்கே பூ வாங்கினால் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வாங்குங்கள், நாம் மொய் 501 எழுதுகிற மாதிரி. இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. மாம்பழம் வேண்டாம், செப்டம்பரில் நல்ல மல்கோவா கிடைக்காது. தட்டுவடை தாராளமாகப் போகும். செட் போட வேண்டுமென்றால் பீட்ரூட்டும் கேரட்டும் அங்கேயே கிடைக்கும், சட்னியை மட்டும் நீங்கள் அரைக்க வேண்டும்.