இரண்டு மா நிலத்தை விற்பதற்கு முன்னால் அந்த இரண்டு டப்பாக்களைப் பாருங்கள்

நன்னிலம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளை இனி என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டில் இரண்டாவது முறையும் மார்க் வரவில்லை என்றால் வீடு எப்படி இருக்கும் என்று தெரியும். பிள்ளை சாப்பிடாமல் படுத்திருப்பாள், சொந்தக்காரர் போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சரி, அது ஒரு மாதத்தில் அடங்கிவிடும். அடங்காதது உங்கள் கொழுந்தனார் போட்டுக் கொடுத்திருக்கும் கணக்கு. இரண்டு மா நிலத்தை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். அனுப்பாதீர்கள். படித்து முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் ஊசி போடக் கை நீட்ட முடியும். தேறாவிட்டால் நிலமும் இருக்காது, தொழிலும் இருக்காது. மூன்றாவது வருடக் கோச்சிங்கும் வேண்டாம்.

நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மருந்தடித்த வயல் தண்ணீரில் தவளை முட்டையைப் போட்டு வைத்திருக்கிறாள், பக்கத்து டப்பாவில் அதே முட்டையைப் போர் தண்ணீரில் வைத்திருக்கிறாள், எதில் வால் கோணுகிறது என்று நோட்டில் எழுதுகிறாள் என்கிறீர்கள். அந்த போர் தண்ணீர் டப்பாவை வைக்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒப்பிட ஒன்று வேண்டும் என்று தானாகத் தோன்றியிருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவர்களிடமே இதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

அவள் செய்வதற்கு உலகத்தில் முறைப்படியான சோதனையே உண்டு. ஃபெடாக்ஸ் என்பார்கள், 1983இல் அமெரிக்காவில் உருவானது. ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் கருவை, செல்கள் பிரிந்து பந்தாகத் திரண்டிருக்கும் பருவத்தில் எடுத்து, பல அளவில் கலந்த மருந்துக் கரைசலில் 96 மணி நேரம் வைப்பார்கள். தினமும் கரைசலை மாற்ற வேண்டும், செத்ததை எடுத்துவிட வேண்டும். கடைசியில் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, குடல் சரியாகச் சுருண்டிருக்கிறதா, கண் ஒழுங்காக இருக்கிறதா, உடல் நீர்கோத்திருக்கிறதா, முதுகுநாண், அதாவது முதுகெலும்பு உருவாகும் முன் முதுகில் ஓடும் தண்டு, நெளிந்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பாதிக் கருவைக் கொல்லும் அளவை, பாதிக் கருவை ஊனமாக்கும் அளவால் வகுத்தால் வரும் எண் 1.5ஐத் தாண்டினால் அந்த மருந்தைச் சந்தேகப்பட வேண்டும். கொல்லாமலே கெடுக்கிறது என்று பொருள்.

வால் கோணுவதற்கும் காரணம் உண்டு. மாலத்தியான் வகைப் பூச்சிமருந்துகள், தசையின் இழுப்பை நிறுத்தும் நொதியை முடக்கிவிடும். வால் தசை ஓயாமல் இழுக்க, இளம் முதுகுநாண் வளைந்துபோகும். தவளை முட்டைக்கு ஓடு கிடையாது, வெறும் கொழகொழப்புதான். தண்ணீரில் இருப்பது உள்ளே போகும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியை வைத்து அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டைரோன் ஹேய்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் தவளைகளில் பத்தில் ஒன்று முட்டையிடும் பெண்ணாகவே மாறியிருந்தது. தயாரித்த நிறுவனம் அவரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியது. சும்மா இருக்கிற துறை இல்லை இது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வயலிலிருந்து முட்டை எடுப்பதை இதோடு நிறுத்தச் சொல்லுங்கள். நம் வயலின் பெரிய தவளை 1972 காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. மருந்துத் தண்ணீரில் வெறுங்கையை விடவும் கூடாது. வால் கோணியதற்கு வெயிலும் தீனிக் குறைவும்கூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் படிப்பு.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். செலவு உங்கள் கைக்குள் அடங்கும்; அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வரும். அதற்குப் பிறகு எம்.எஸ்சி. அங்கிருந்து இரண்டு வழி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அறிவியல் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியை வாங்கினால் மாதம் ₹37,000 உதவித்தொகையோடு லக்னோவின் நச்சியல் ஆய்வு நிறுவனத்திலோ, பூச்சிக்கொல்லி எச்சத்தை ஆராயும் கோவை சலீம் அலி மையத்திலோ முயலலாம். ஆனால் பிஎச்.டி. ஐந்து வருடம் இழுக்கும், அவசரக்காரருக்கு ஆகாது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் ஜி.எல்.பி., அதாவது நல்ல ஆய்வக நடைமுறைக்கான சான்று பெற்ற சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. சென்னைப் பக்கம் படப்பையிலேயே ஒன்று உண்டு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மீனுக்கும் தேனீக்கும் மண்புழுவுக்கும் என்ன செய்யும் என்று காட்டாமல் புது மருந்தைப் பதிவு செய்ய முடியாது. 2011இலிருந்து இங்கே எடுக்கும் சோதனை முடிவுகளை ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளும் ஏற்கின்றன, அதனால் வெளிநாட்டு வேலையும் இங்கே வருகிறது. ஆரம்பச் சம்பளம் கொழுந்தனாரிடம் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. இருக்கட்டும், கடனுக்குக் கையெழுத்துப் போடப்போவது அவரில்லை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்டாளா? கேட்கவில்லை என்றால் அந்தப் பேச்சை விடுங்கள்.

சேரும்போது துணைப்பாடமாக வேதியியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போனால் விலங்கியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லி, நுண்ணோக்கிகள் மேசைமேல் இருக்கின்றனவா, பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். பூட்டியிருந்தால் அடுத்த கல்லூரி.